சோவியத் பளுதூக்கும் வீரர் அலெக்சேயெவ்: மறக்க முடியாத ஒரு கணம் இருந்தால் எழுதுங்கள்

மாஸ்கோவில் படித்தவன்:
1972 மியூனிக், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் தங்கங்கள், 80 உலக சாதனைகள் எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன். 1980 ஜூலை 30, மாஸ்கோ ஒலிம்பிக், இஸ்மாயிலோவோ அரங்கம். எனக்கு ரஷ்ய மொழி வகுப்பு முடிந்த முதல் கோடை. வசீலி அலெக்சேயெவ் ஸ்னாட்சில் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் பிரிவு) 180 கிலோ கேட்டிருந்தார். முதல் முயற்சி போயிற்று, இரண்டாவதும் போயிற்று. அரங்கில் விசில் கிளம்பியது. நம் ஊரில் விசில் எதற்கு அடிப்போம்? நானும் எழுந்து நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து, மூச்சு முட்ட அடித்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவருடைய இன்னொரு கையில் தொப்பி கசங்கிக் கிடந்தது. "அவரை அவமானப்படுத்தாதே" என்றார். அங்கே விசில் என்றால் இகழ்ச்சி என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது முயற்சியும் போய்விட்டது. உற்சாகப்படுத்தத்தான் அடித்தேன் என்று அந்தப் பெரியவரிடம்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

அடையாறு வாசகர்:
வருத்தப்படாதீர்கள் ஐயா. ஆனால் அவரைத் தேவையில்லாமல் உயர்த்துகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. சாதனையை அரை அரைக் கிலோவாக ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் பரிசுப்பணம் உண்டு என்பதும் ஊரறிந்ததுதான். எனக்கு அவருக்கு முந்திய சோவியத் வீரர் விளாசோவ்தான் பெரியவர். 1960 ரோமில் தங்கம், 1964 டோக்கியோவில் சக சோவியத் வீரர் ஜபோதின்ஸ்கியிடம் வெறும் 2.5 கிலோவில் தோல்வி. பிறகு எழுத்தாளரானார். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்னையில் ஒரு திரையிடலில் அலெக்சேயெவின் மாண்ட்ரியல் போட்டிப் படம் பார்த்தேன். ஜெர்க்கில் (தோளுக்குக் கொண்டுவந்து, பிறகு தலைக்கு மேல் தள்ளும் பிரிவு) 255 கிலோ. அவர் எழுந்து நிற்கும்போது கம்பி வளைகிறது. அவர் நிமிர்ந்த பிறகும் இரு முனையிலும் தட்டுகள் ஆடிக்கொண்டே இருக்கின்றன. அந்த ஆட்டம் நிற்கும்வரை நான் மூச்சு விடவில்லை.

ரஸ்தோவ் டாக்டர்:
அரைக் கிலோ கணக்கு நியாயமே இல்லை. 1970இல், அப்போதிருந்த பிரஸ், ஸ்னாட்ச், ஜெர்க் என்ற மூன்று பிரிவும் சேர்த்து 600 கிலோவைத் தொட்ட முதல் மனிதர் அவர். மாண்ட்ரியலில் இரண்டாம் இடம் பெற்ற கிழக்கு ஜெர்மனி வீரர் போங்க் என்பவரைவிட மொத்தத்தில் 35 கிலோ அதிகம். இது அரைக் கிலோவா? நான் ரஸ்தோவில் மருத்துவம் படித்தேன். அவர் வாழ்ந்த ஷாக்தி நிலக்கரி ஊர் அங்கிருந்து பக்கம். அங்கிருந்த பயிற்சியாளர் பிளூக்ஃபெல்டரிடம் பழகி, பிறகு பயிற்சியாளரே வேண்டாம் என்று தனியாகப் பயிற்சி செய்தவர் அலெக்சேயெவ். தண்ணீரில் நின்றும் எடை தூக்குவார். ஷாக்தியில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் அதை எனக்கு நடித்தே காட்டினார். சமையலறை நடுவில் நின்று, தண்ணீர் இதுவரை என்று மார்பைத் தொட்டுக் காட்டி, துடைப்பக் கட்டையைக் கம்பியாகப் பிடித்து மெல்ல, மிக மெல்ல உயர்த்தினார். அந்த மெதுவை எனக்கு மறக்க முடியவில்லை.

பளுதூக்கும் பயிற்சியாளர்:
என் கதை சிறியது: போட்டியில் என் மாணவன் ஒருவன் மூன்று ஸ்னாட்சும் தவறவிட்டான். அன்று எனக்கு 1980தான் ஞாபகம் வந்தது. இளைஞர்கள் கவனியுங்கள். முதல் முயற்சி காய்ச்சலோடு வந்தாலும் தூக்கக்கூடிய எடையாக இருக்க வேண்டும். மாண்ட்ரியலில் ஸ்னாட்சில் 185 தூக்கிய அலெக்சேயெவ் மாஸ்கோவில் 180இல் தொடங்கினார். அப்போது வயது 38. அதற்கு முன் 1978இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் நடந்த உலகப் போட்டியில் காயம். எடையைக் கேட்டு எழுதும்போது உங்கள் பழைய சாதனையைப் பார்க்காதீர்கள், கடந்த இரண்டு வாரப் பயிற்சியைப் பாருங்கள். தயாரிப்பு அறையில் கடைசியாகத் தூக்கிய எடைக்கும் முதல் முயற்சிக்கும் இடைவெளி குறைவாக இருக்கட்டும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு உள்ளே வைத்துக் கம்பியைப் பிடியுங்கள். முதல் முயற்சி போனால் உடனே எடையைக் கூட்டாதீர்கள். ஸ்னாட்சில் மூன்றும் போனால் மொத்தக் கணக்கே கிடையாது, ஜெர்க் எவ்வளவு வலுவாக இருந்தாலும் ஒலிம்பிக்கில் பதக்கம் இல்லை. அன்று மாஸ்கோவில் மொத்தம் 440 கிலோவுடன் சக சோவியத் வீரர் ரஹ்மானோவ் வென்றார். மாண்ட்ரியலில் அலெக்சேயெவ் எடுத்த அதே 440.

மாஸ்கோவில் படித்தவன்:
பயிற்சியாளர் ஐயா, உங்கள் மாணவன் மறுபடி மேடை ஏறினானா? அதை எழுதுங்கள். அலெக்சேயெவ் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். 1992 பார்சிலோனாவில் அவருடைய அணி 5 தங்கம் வென்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று வீட்டில் யாரும் இல்லை. எழுந்து நின்று கைதட்டினேன்.