பீடத்துக்குப் பின்சுவரில் ஓதம் நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

எங்கள் தேவாலயத்தைப் பங்கு மக்களே சேர்ந்து புதுப்பித்து வருகிறோம். கூரை, சன்னல், வயரிங் எல்லாம் முடிந்துவிட்டது. பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

நூறாண்டு தாண்டிய கட்டடம். சுட்ட செங்கல், சுண்ணாம்புச் சாந்து. உட்புறம் பிற்காலத்தில் யாரோ சிமெண்ட் பூசி, மேலே எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். தரையிலிருந்து இடுப்புயரம் வரை பெயின்ட் கொப்பளித்து உரிகிறது. அடியில் பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு. விரலால் தேய்த்தால் செங்கல்லே மாவாக உதிர்கிறது. மழைக்காலம் முடிந்து பல மாதம் ஆகியும் இதே கதிதான்.

சுரண்டிவிட்டுப் பட்டி வைத்தோம், வாட்டர்ப்ரூஃப் அடித்தோம். அடுத்த மழைக்கே ஓதம் அதைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுவரைவிட்டுத் தள்ளி வைத்தோம். வெளியே சுவரோரம் குவிந்திருந்த மண்ணை உள்தரை மட்டத்துக்குக் கீழே வெட்டி இறக்கினோம். இதற்குப் பிறகு ஈரம் குறைந்திருக்கிறது, உப்பு மட்டும் விடாமல் பூக்கிறது.

சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும் என்பதால், அதை முழுக்கக் கொத்தியெடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூச முடிவெடுத்திருக்கிறோம். வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஓய்வு நாளில் வந்து கரண்டி பிடிக்கிறவர்கள் எங்கள் பங்கு மக்கள். மறுபடியும் உரிந்தால் மனம் விட்டுப்போகும்.

பழைய சுவரில் இந்த வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: கொத்திய சுவரை நன்றாக உலரவிட்டு நேரடியாக நிரந்தரக் காரை பூசலாமா, இல்லை உப்பை உறிஞ்ச முதலில் ஒரு தற்காலிகச் சுண்ணாம்புப் பூச்சு போட்டு, அதைக் கொத்தியெடுத்த பிறகுதான் பூச வேண்டுமா?