'ரீட்' என்றால் படிப்பது மட்டும்தானா?

கேள்வி:
மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிது நான். நேற்று ஓர் ஆங்கிலக் கதையில் வெப்பமானி 30 'ரீட்' (read) செய்கிறது என்று வந்தது. 'வெப்பமானி முப்பதைப் படிக்கிறது' என்று எழுதிவிட்டு நானே சிரித்தேன். அடுத்த பக்கத்தில் ஒருத்தி சட்டத்தை ரீட் செய்கிறாள். சட்டப் புத்தகத்தைப் புரட்டினாளா, கல்லூரியில் படித்தாளா? இந்தச் சொல்லை எப்படித்தான் பிடிப்பது?

மறுமொழி 1:
வெப்பமானி '30 காட்டுகிறது'. அறிவிப்புப் பலகை என்றால் 'என்று எழுதியிருக்கிறது'. சட்டம் ரீட் செய்வது பிரிட்டிஷ் வழக்கு. பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். நம் 'படி'யும் இரண்டு வேலையும் பார்க்கிறதே! அங்கே 'வாசி' போட்டால் கெட்டது.

மறுமொழி 2:
வயர்லெஸ்ஸில் 'டூ யூ ரீட் மீ?' என்றால் 'நான் பேசுவது கேட்கிறதா?' அங்கே காதுதான் படிக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு ஆலோசனை சொல்வது, புதிரை அவிழ்ப்பது என்றெல்லாம் பொருள் உண்டு. விடுகதையைக் குறிக்கும் 'ரிடில்' அதே வேரில் வந்ததுதான். அதனால் ஒருவர் மனதை, முகத்தை ரீட் செய்வது ஒன்றும் புதுமை இல்லை. தமிழிலும் 'முகத்தைப் படித்தான்' இப்போது பழகிவிட்டது, எனக்கு உறுத்தவில்லை.

கேட்டவர்:
சரி, 'காட்டுகிறது' போட்டுவிட்டேன். அப்புறம் இன்னொரு கூத்து. இறந்தகாலத்தில் எழுத்து மாறாமல் 'ரெட்' என்று உச்சரிக்கிறார்களே, 'நான்' என்று சொல்லிப்போகும் கதையில் அது தெரியாமல் ஒரு பத்தி முழுக்க 'படிக்கிறேன், படிக்கிறேன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். திருத்தப் போகிறேன்.