தாண்டிக்குடி ஜீப் பாதையும் இரண்டு மிளகுக் கொடிகளும்: மலைப்பாதைக் கூடாரப் பயண அனுபவங்கள்

மதுரையிலிருந்து ஒருவர்:

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மலைப்பாதையில் ஏற்றி, கூடாரம் அடித்துத் தங்கிவர விரும்பும் தம்பிகள் சிலர், திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தார்கள். நிலம் யாருடையது என்பதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். பழனி மலையின் வரைபடத்தில் ஆசைகாட்டும் தடங்களில் பல, காப்புக்காட்டுக்குள்ளோ 2013 இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ளோ செல்கின்றன. அனுமதியின்றி அங்கே நுழைவதே குற்றமாகும்போது, இரவு தங்குவது பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே நாங்கள் தாண்டிக்குடிப் பக்கத்தில் பட்டா நிலமான ஒரு காப்பித் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்து, உரிமையாளரிடம் நேரில் சென்று பேசி, அவருடைய ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொண்டோம். சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் கேட்டபோது அந்த ஒரு தாள்தான் எங்களுக்குக் கைகொடுத்தது.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு, வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, பெரும்பாறை வழியாக ஏறிச் சென்று, தோட்டத்துக்குள் செல்லும் நான்கு கிலோமீட்டர் ஜீப் பாதை முழுவதையும் நடந்தே பார்த்தோம். எங்களுடன் வந்தவர் அந்தத் தோட்டத்து ஜீப்பை முப்பது ஆண்டுகளாக ஓட்டும் பெரியவர். மூன்று இடங்களில் நின்று காலால் மண்ணைக் கிளறிக் காட்டினார். மேலே சருகு மூடிக் காய்ந்திருந்த தரைக்கு அடியில் சோப்புக் கட்டிபோல வழுக்கும் செம்மண் இருந்தது. “இது ஒரு மழை தாங்காது சார், அப்புறம் உங்க வண்டி புதுசா பழசான்னு மண்ணு பார்க்காது” என்றார். நாங்கள் சிரித்துக்கொண்டோம், குறித்து வைத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் மூன்று வண்டிகள், ஏழு பேர் என்று புறப்பட்டோம். வடகிழக்குப் பருவமழை முழுமையாக விலகாத காலத்தைத் தேர்ந்தெடுத்தது முதல் பிழை. விடுமுறை கிடைத்த நாள்தான் பயண நாள் என்று முடிவு செய்கிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை இது. தோட்ட வாயிலில் டயர்களின் காற்றழுத்தத்தை 32 psi இலிருந்து 22 ஆகக் குறைத்து, வேகம் குறைந்து இழுவிசை கூடும் ‘ஃபோர் லோ’ கியரில் போட்டு, இறக்கத்தில் முதல் கியரிலேயே எஞ்சினின் பிடிப்பில் வண்டியை விட்டு, உருட்டுப் பாறைகளைக் கவைத்துக் கடக்காமல் டயரையே பாறைமேல் ஏற்றிக் கடந்து, இரண்டு மணி நேரத்தில் ஓடையோரச் சமதளத்தை அடைந்தோம். அன்று மாலை எல்லாம் நன்றாகவே இருந்தது. இரவு பதினொரு மணிக்குத் தொடங்கிய மழை விடியற்காலை நான்கு மணிக்குத்தான் நின்றது.

காலையில் திரும்பி ஏறும்போது, பெரியவர் காட்டிய இரண்டாவது இடத்தில் நடு வண்டி நின்றுவிட்டது. நான்கு சக்கரங்களும் சுழன்றன, வண்டி நகரவில்லை. அப்போது செய்ய வேண்டியது மிக எளிது: பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரிவர்ஸ் கியருக்கு மாற்றி, கிளட்சை முழுவதும் விட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டு, ஏறிய தடத்திலேயே பின்னோக்கி இறங்கிவிட வேண்டும். எங்கள் நண்பரோ பதற்றத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். பிடிப்பிழந்த வண்டி குறுக்காகத் திரும்பி, பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நின்றது. மேற்கூரையில் நாங்கள் கட்டியிருந்த இரண்டு தண்ணீர் கேன்கள் அந்தப் பக்கமாகச் சரிந்ததை நான் கீழே நின்று பார்த்தேன். கனமான எதையும் கூரையில் ஏற்றாதீர்கள் என்பதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று அந்தக் கேன்களைக் கட்டியவனும் நான்தான்.

ஆட்களை மேட்டுப்பக்கக் கதவு வழியாக இறக்கிவிட்டு, வண்டியின் சட்டகக் கொக்கியிலிருந்து மேலே நின்ற ஒரு சில்வர் ஓக் மரத்துக்குக் கயிறு கட்டினோம். ட்ரெய்லர் இழுக்கும் உருண்டையில் கயிற்றை ஒருபோதும் மாட்டக் கூடாது, அது பிய்ந்து பறந்தால் ஆளைக் கொல்லும் என்பது எங்களுக்கு நினைவிருந்தது. அந்த மரத்தில் மிளகுக் கொடி படர்ந்திருந்தது மட்டும் அவசரத்தில் கண்ணில் படவில்லை. அதற்குள் தகவல் போய்ப் பெரியவர் தம் பழைய ஜீப்பில் வந்து சேர்ந்தார். பின்சக்கரங்களில் இரும்புச் சங்கிலி சுற்றியிருந்தது. மழைக்காலத்தில் காப்பி மூட்டை இறக்குவதற்கு அவர்கள் வழக்கமாகச் செய்வதுதானாம். வந்தவர் எதையும் இழுக்க முற்படவில்லை. கால்மணி நேரம் வண்டியைச் சுற்றி நடந்தார். பின் டயருக்கு அடியில் கல்லை அணைத்தார். மண்வெட்டியால் மேட்டுப்பக்கச் சக்கரங்களின் கீழே மட்டும் அரையடி மண்ணை வழித்து வண்டியை நிமிர்த்தினார். முன்னே நனைந்த கோணிப்பைகளை விரித்தார். அதன்பிறகு கயிற்றில் மெல்லிய இழுப்பு ஒன்றே தேவைப்பட்டது. மரப்பட்டையில் கயிறு உரசாதிருக்கக் கோணி சுற்றியிருக்க வேண்டும் என்று கடிந்துகொண்டு, அறுந்துபோன கொடிகளை எண்ணிப் பார்த்தார். இரண்டு. காய்ப்பில் இருந்த கொடிகள். அவற்றுக்கான தொகையைத் தோட்டக்காரர் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டு வந்தோம்.

கோத்தகிரியிலிருந்து ஒருவர்:

அண்ணன் மண்ணைப் பற்றிச் சொன்னார். நான் சமையலைப் பற்றிச் சொல்கிறேன். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருப்பதால், வெளியூர் நண்பர்கள் அதை முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்கள். உணவுப் பொருளை எங்கே வைப்பது என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. கோத்தகிரி வட்டாரத்தில் கோயில் விளக்குகளில் ஊற்றும் எண்ணெயைத் தேடிக் கரடி வருவது எங்களுக்குப் பழகிய செய்தி. அப்படியிருந்தும், உறவினரின் தேயிலைத் தோட்டத்து மேட்டில் தங்கிய இரவில், கடலை எண்ணெய்க் கேனையும் வெல்லத்தையும் கூடாரத்துக்கு வெளியே, அடுப்புக்கு அருகிலேயே விட்டுவிட்டோம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் சோறு வேக நெடுநேரமாகி, சாப்பிட்டு முடித்தபோது எல்லோருக்கும் தூக்கம் கண்ணைச் செருகியதுதான் காரணம். குக்கர் எடுத்துச் செல்லாதவர்களுக்கு இது ஒரு பாடம்.

இரண்டு மணியளவில் பிளாஸ்டிக் நொறுங்கும் ஓசை கேட்டது. கூடாரத் துணிக்கு அப்பால், ஐந்தாறு அடித் தொலைவில், கேனை முன்னங்கால்களுக்கு இடையில் அணைத்துக்கொண்டு ஒரு கரடி உறிஞ்சிக்கொண்டிருந்தது. உறிஞ்சும் சத்தம், பெரியவர் ஒருவர் சூடான காப்பியை உறிஞ்சுவதைப் போலவே இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் தம்பி விளக்கைப் போட முயன்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அருகில் திடுக்கிட வைத்தால்தான் கரடி மேலே பாயும். கேன் காலியாகும்வரை மூச்சை அடக்கிப் படுத்திருந்தோம். பிறகு அது வெல்லத்தைக் காகிதத்தோடு தின்றுவிட்டுச் சரிவில் இறங்கிப் போயிற்று. மீதி இரவை இரண்டு வண்டிகளுக்குள் உட்கார்ந்தே கழித்தோம். இப்போதெல்லாம் எண்ணெய், இனிப்பு, பழம் ஆகிய மூன்றும் வண்டிக்குள், கண்ணாடி ஏற்றப்பட்ட நிலையில்தான் இருக்கும். அடுப்பு, கூடாரத்திலிருந்து முப்பது அடியாவது தள்ளி இருக்கும்.

பெரியகுளத்திலிருந்து ஒருவர்:

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் தாண்டி மூணாறு போகும் பழைய பாதையைப் பற்றி இளைஞர்கள் இன்னும் கேட்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் படையெடுத்தால் தப்பிச் செல்வதற்கெனப் பேசப்பட்ட அந்தச் சாலை, 1990 இல் மூடப்பட்டுவிட்டது. சிறுவனாக என் தந்தையின் ஜீப்பில் அந்த வழியே ஒருமுறை சென்றிருக்கிறேன். நினைவில் இருப்பது மூடுபனியும் வாந்தியும் மட்டுமே. இன்று வனத்துறை அனுமதியுடன் பேரிஜம் ஏரிவரை பகலில் சென்று திரும்பலாம், அவ்வளவுதான். பக்கவழியில் கொண்டுவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மதுரையிலிருந்து, மீண்டும்:

கரடிக் கதைக்கு நன்றி, தம்பி. எங்கள் அடுத்த பயணத்தை மீண்டும் அதே தோட்டத்தில்தான் வைத்திருக்கிறோம். காப்பிப் பறிப்பு முடியும்வரை ஜீப் பெரியவருக்கு ஓய்வில்லை என்பதால் பிப்ரவரி கடைசி வாரம் என்று அவரே நாள் சொல்லிவிட்டார். அது காடு காய்ந்திருக்கும் காலம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் பலியானதை எங்கள் தேனிப் பக்கத்து நண்பர்கள் மறக்கவில்லை. ஆகவே இம்முறை விறகுத் தீ மூட்டுவதில்லை, கேஸ் அடுப்பு மட்டுமே. தண்ணீர் கேன்கள் பின்னிருக்கைக்குக் கீழே போகும். மரத்தில் சுற்றுவதற்கு என்று நான்கு கோணிப்பைகளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். சக்கரச் சங்கிலி வாங்கலாமா என்று பெரியவரைக் கேட்டதற்கு, “முதல்ல நடந்து பாருங்க” என்று மட்டும் சொன்னார்.