பிஸ்மத் ஃபெரைட் பெல்லட்டில் மின்கசிவு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

நாகர்கோவில் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். புராஜெக்டுக்கு பிஸ்மத் ஃபெரைட் பெல்லட் (தூளை அழுத்திச் சுட்ட வில்லை) செய்கிறேன். அறை வெப்பநிலையிலேயே காந்த ஒழுங்கும் மின் முனைவாக்கமும் சேர்ந்திருக்கும் அபூர்வப் பொருள். காந்த ஒழுங்கு சுமார் 370 டிகிரி செல்சியஸ் வரை, மின் முனைவாக்கம் சுமார் 830 வரை தாங்கும்.

சூட்டில் பிஸ்மத் ஆவியாகும் என்று 5 சதவீதம் கூடுதலாகவே போட்டேன். ஆனாலும் எக்ஸ்ரே சோதனையில் வேண்டாத சிகரங்கள், அதாவது வேறு சேர்மமும் கலந்திருக்கிறது. மின்புலத்தை ஏற்றி இறக்கி முனைவாக்கத்தை வரையும் ஹிஸ்டெரிசிஸ் வளையமோ நுனி கூராக இல்லாமல் வாழைப்பழம் மாதிரி உருண்டு வருகிறது. மட்டிப்பழ ஊர்க்காரனுக்கு இது வேறயா! படிகத்தில் ஆக்சிஜன் அணு விட்டுப்போன காலியிடங்கள் வழியாக மின்சாரம் கசிகிறது என்று நினைக்கிறேன்.

கசிவைக் குறைக்க லாந்தனம் கலந்து பார்க்கலாமா? எவ்வளவு? எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் சுடுவது? அப்புறம், திருநெல்வேலி, திருவனந்தபுரம் பக்கம் வெளி மாணவருக்கு வளையம் அளந்து தரும் ஆய்வகம் தெரிந்தால் சொல்லுங்கள் அண்ணா, அக்கா.