ராஸ்-ஆன்-வை சந்தை மண்டபம்: தூண் ஏன் உதிர்கிறது, எந்தக் கிழமை போவது?

ஆற்றோரம்:
இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் ராஸ்-ஆன்-வை சந்தை மண்டபத்தைப் பார்க்க அடுத்த மாதம் குளோஸ்டரிலிருந்து காரில் போகிறோம். படங்களில் சிவப்புக் கல்லெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருக்கிறது. வயதுதான் காரணமா? கீழ்த்தளத்துக்குச் சுவரே இல்லையே, ஏன்? பக்கத்தில் லெட்பரியில் மரத்தில் ஒன்று இருக்கிறதாம். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியுமா?

கொத்துக்கரண்டி:
வயதை மட்டும் குறை சொல்ல முடியாது. 1650-க்கும் 1654-க்கும் இடையில் கட்டியது, அந்த வட்டாரத்துச் சிவப்பு மணற்கல். மணல் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை அதில் வலுவில்லாதது, களிமண்ணும் கலந்திருக்கும். தண்ணீரை உறிஞ்சும். உறைந்தால் அந்தத் தண்ணீர் ஒன்பது விழுக்காடு விரியும், மேல்தோல் கழன்றுவிடும். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு வேறு. ஓதத்தோடு அடித்தூணில் ஏறி, உலரும்போது உள்ளேயே படிகமாகி, கல்லைப் பொடிக்கும். பழைய கல் கட்டடங்களில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சேதம் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொன்றையும் பாருங்கள்: கல்லின் படிவ அடுக்குகள் எந்தத் திசையில் ஓடுகின்றன? ஓலைச்சுவடி படுத்திருப்பதுபோல் கிடைமட்டமாக இருந்தால் கல் தாங்கும். நிற்க வைத்ததுபோல் இருந்தால் ஏடு ஏடாக உரியும். நீளமான ஒற்றைக்கல் தூண்களில் இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும். அவ்வளவு தடிமனான படிவம் குவாரியில் கிடைக்காது, கல்லை நிமிர்த்தித்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய எதிரி சிமென்ட். இந்த வகைக் கல்லில் கற்களுக்கு இடையிலுள்ள மூட்டுகளைச் சிமென்ட் கலவையால் அடைத்தால் ஈரம் மூட்டு வழியாக வெளியேறாது, கல் வழியாகத்தான் போகும். கொஞ்ச வருடத்தில் சிமென்ட் கோடு துருத்திக்கொண்டு நிற்கும், கல் உள்வாங்கியிருக்கும். ஊருக்குள் நடக்கும்போது பழைய சுவர்களில் இதைத் தேடிப் பாருங்கள், ஒன்றாவது கண்ணில் படும்.

ஆற்றோரம்:
சிமென்டுக்குப் பதில் சுண்ணாம்புக் கலவையில் எப்படிச் சரிசெய்வார்கள்?

கொத்துக்கரண்டி:
பழைய கலவையை உளியும் சுத்தியலும் வைத்து எடுக்க வேண்டும், கிரைண்டர் கூடாது. அது கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். ஆழம் மூட்டின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு, குறைந்தது 20–25 மி.மீ. தூசி போகக் கழுவி, மூட்டை நனைத்துவிட்டு அடைக்கணும். நீரில் இறுகும் சுண்ணாம்பு ஒரு பங்கு, நன்றாகத் தரம்பிரிந்த கரடான மணல் மூன்று பங்கு. இந்த மென்கல்லுக்கு 2 அல்லது 3.5 தரம் போதும். பலமாக இருக்கட்டும் என்று 5 போட்டால் மறுபடி சிமென்ட் கதைதான். பிறகு ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரமாவது காயவிடாமல் பார்த்துக்கொள்ளணும். 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் வேலையே தொடங்கக் கூடாது. அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் கைவைக்கும் முன் கவுன்சிலின் பாதுகாப்பு அதிகாரியிடம் பேசியாக வேண்டும்.

சந்தைக்காரன்:
கீழ்த்தளம் பற்றி. வெண்ணெய், முட்டை, கோழி விற்பவர்களுக்கு மழைக்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டும், ஆனால் நான்கு பக்கமும் ஆள் நுழைய வழியும் வேண்டும். அதனால்தான் கீழே வெறும் வளைவுகள். மேல்மாடி ஊர்க் காரியங்களுக்கு. பிற்காலத்தில் அதையே வருகையாளர் மையமாகவும் பயன்படுத்தினார்கள். இப்போது மாடி திறந்திருக்கும் நேரத்தை நகர சபையிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸின் உருவப் பதக்கம் தெரியும். எதிரே ஜான் கர்ல் (1637–1724) வாழ்ந்த வீடு. கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் கவிதையில் வரும் 'ராஸ் ஊரின் மனிதர்' இவர்தான். அந்த வீட்டைப் பார்த்த பக்கம் எஃப், சி எழுத்துகளும் ஒரு இதயமும் பின்னிய சின்னம் இருக்கிறது. 'மனத்தால் சார்ல்ஸுக்கு விசுவாசி' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பெரும்பாலானவர்கள் படமெடுத்துவிட்டு இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

மரத்தச்சன்:
லெட்பரி ஏறக்குறைய 20 கி.மீ. ஏ449 சாலையில் நேராகப் போகலாம், ஒரே நாளில் தாராளமாக முடியும். 1617-இல் தொடங்கிய வேலை, 16 மரத்தூண்கள் மேல் நிற்கிறது. அந்தக் காலத்துத் தச்சர் ஜான் ஏபல் கட்டியது.

சந்தைக்காரன்:
ஏபல் கட்டியதாகச் சொல்வது வழக்கம், சான்று கிடையாது. உறுதியாக அவர் வேலை வேண்டுமென்றால் லெமின்ஸ்டரில் கிரேஞ்ச் கோர்ட், 1633. அதுவும் சந்தை மண்டபமாக இருந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டில் பிரித்து வேறிடத்தில் வீடாக நிறுத்தினார்கள், திறந்திருந்த கீழ்த்தளத்தை அடைத்துவிட்டார்கள்.

மரத்தச்சன்:
சரி, திருத்திக்கொள்கிறேன். லெட்பரியில் பார்க்க வேண்டியது மூட்டுகள். இந்த வகைச் சட்டங்களில் ஒரு மரத்தில் குழி, இன்னொன்றில் நாக்கு, குறுக்கே ஓக் மர ஆணி. இரண்டு துளைகளையும் இரண்டு மூன்று மி.மீ. தள்ளிப் போடுவார்கள், ஆணியை அடிக்கும்போது அது மூட்டை இழுத்து இறுக்கும். பச்சை ஓக்கில் செய்வதால் காயக் காயச் சுருங்கி வளையும். அந்தக் கோணலைப் பழுது என்று நினைக்காதீர்கள். பழுது வருவது தூணின் அடியில், தண்ணீர் தேங்கும் இடத்தில். அங்கே அழுகினால் கெட்ட பகுதியை மட்டும் அறுத்துவிட்டுப் புது ஓக்கை ஒட்டுப்போடுவார்கள்.

ஆற்றோரம்:
நன்றி. எந்தக் கிழமை நல்லது?

சந்தைக்காரன்:
ராஸில் வியாழனும் சனியும் சந்தை, லெட்பரியில் செவ்வாயும் சனியும். சந்தையைப் பார்க்க வேண்டுமானால் சனி. தூணைப் பார்க்க வேண்டுமானால் திங்கள் அல்லது புதன். சந்தை நாளில் கடை விரிப்பு அடிப்பகுதியை மறைத்துவிடும்.