வருமானமே இல்லாத அம்மாவுக்கு வருமான வரிக் கணக்கு: எங்கள் அனுபவம்

"எனக்கு ஏது வருமானம்? வீட்டோடு இருப்பவளுக்கு எதற்கு இந்த வரிக் கணக்கெல்லாம்?" 2024 ஜூன் மாதம் நான் பேச்சை எடுத்ததும் அம்மா கேட்ட கேள்வி இது. உங்களில் பலருடைய வீட்டிலும் இதே கேள்வி எழும் என்பதால் நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

அப்பா 2022இல் காலமானார். ஆயுள் காப்பீட்டுத் தொகையும் பி.எஃப். பணமுமாகச் சேர்ந்த 18 லட்சத்தை அம்மா பெயரில் வங்கியில் டெபாசிட் செய்தோம். 7 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கில் வரவாகும். அதை அம்மா வருமானம் என்று சொன்னதே இல்லை. "அப்பா பணம் வந்துவிட்டதா, பார்" என்றுதான் சொல்வார். ஒரு நாள் பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டு வந்தபோதுதான் கவனித்தேன்: 31,500 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 28,350 வந்திருந்தது. நான்கு தவணையிலும் இதே கதை. ஆண்டுக்கு 12,600 ரூபாய் போயிருந்தது.

வங்கியில் விசாரித்தால், "நீங்கள் 15ஜி கொடுக்கவில்லையே" என்றார்கள். அறுபது வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு ஆண்டு வட்டி 40,000 ரூபாயைத் தாண்டினால் (2025 ஏப்ரலிலிருந்து இந்த வரம்பு 50,000) வங்கி 10 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டிவிடும். அவர் வரி கட்ட வேண்டியவரா இல்லையா என்பது வங்கியின் கவலை அல்ல. எனக்கு வரி வராது என்று படிவம் 15ஜியில் (அறுபதைக் கடந்தவர் என்றால் 15எச்) எழுதிக் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். அதையும் ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். டெபாசிட் போட்ட அன்று அம்மாவிடம் எத்தனையோ தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இந்த ஒரு தாளை யாரும் நீட்டவில்லை. கணவரை இழந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண்ணிடம் இதைச் சொல்லாமல் விட்டார்களே என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பிடித்த பணம் திரும்ப வர ஒரே வழி, கணக்குத் தாக்கல் செய்வது. அம்மாவின் மொத்த வருமானம் 1,26,000. அந்த ஆண்டு புதிய வரி விதிப்பு முறையில் 3 லட்சம் வரை வரி கிடையாது. ஆகவே வரி சுழியம். பிடித்தது அத்தனையும் அவருக்கே சேர வேண்டியது.

முதலில் தெருமுனையில் இருந்த கணினி மையத்துக்குப் போனோம். அங்கிருந்தவர், "வரி எப்படியும் வரப்போவதில்லை, வருமானத்தை 4,80,000 என்று காட்டிவிடலாம். பின்னால் கடன் வாங்க உதவும்" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவரிடமே, "அந்தப் பணம் எங்கே என்று யாராவது கேட்டால் நான் எதைக் காட்டுவேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். கணக்கின் கடைசியில், இதில் உள்ளவை அனைத்தும் உண்மை என்று உறுதிமொழி இருக்கிறது. பொய்க் கணக்குக்குத் தண்டனை உண்டு; சிக்கிக்கொள்வது கையெழுத்திட்டவர்தான், கணினி மையக்காரர் அல்ல. இப்படி யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அன்று இரவு வீட்டிலேயே வருமான வரி இணையதளத்தில் அம்மா பெயரில் பதிவு செய்து, எளிய வருமானம் உள்ளவர்களுக்கான ஐ.டி.ஆர்.-1 என்ற கணக்குப் படிவத்தைத் திறந்தோம். சம்பளம் 0. வீட்டு வாடகை 0. வட்டியும் வங்கி பிடித்த தொகையும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அவற்றை, அம்மா பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏ.எஸ்.ஸுடன் ஒப்பிட்டுப் பார்த்தோம். அரை மணி நேர வேலை.

தடை வந்தது, தாக்கல் செய்தவர் அம்மாதான் என்று உறுதிசெய்யும் சரிபார்ப்பில். அம்மாவின் ஆதாரில் பதிவாகியிருந்த, ஓ.டி.பி. போக வேண்டிய போன் எண் அப்பாவுடையது. அவர் போன பிறகு ரீசார்ஜ் செய்யாமல் அந்த எண் எப்போதோ செயலிழந்துவிட்டது. எண்ணை மாற்ற ஆதார் மையம் போனால், அம்மாவின் விரல் ரேகை பதியவில்லை. நாற்பது ஆண்டு பாத்திரம் தேய்த்த விரல்கள். நான்கு முறை துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

அதற்குள் கெடு வந்துவிடும் என்பதால் வேறு வழியில் போனோம். ஓ.டி.பி. கிடைக்காதவர்கள் ஐ.டி.ஆர்.-வி என்ற ஒரு பக்க ஒப்புகையை அச்செடுத்து, கையெழுத்திட்டு, 30 நாளுக்குள் பெங்களூருவில் உள்ள மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய காலண்டர் தாளில் இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு, நீல மையில் கையெழுத்திட்டார். ஸ்பீடு போஸ்ட் ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

இன்னொரு சிக்கல், நம் ஊர் இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கிறது, வங்கிக் கணக்கிலோ ஒற்றை எழுத்து. பெயர் பொருந்தவில்லை என்று இணையதளம் வங்கிக் கணக்கை ஏற்கவில்லை. வங்கியில் எழுதிக் கொடுத்துப் பெயரைத் திருத்திய பிறகுதான் ஏற்றது. செப்டம்பரில் 12,600 ரூபாயும் வந்து சேர்ந்தது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

———

மறுமொழி 1

நான் வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டு ஒரு ரூபாய் சம்பாத்தியம் இல்லை. முதல் ஆண்டில் கைச்செலவுக்காகப் பங்குகளை விற்றதில் 60,000 ரூபாய் நஷ்டம். வருமானம் இல்லாதவனுக்குக் கணக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். வேலை கிடைத்து, வேறு பங்குகளில் லாபம் வந்த பிறகுதான் ஆடிட்டர் சொன்னார்: கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால் அந்த நஷ்டத்தை எட்டு ஆண்டு வரை பின்வரும் லாபத்தில் கழித்திருக்கலாம். டிசம்பர் 31 வரை தாமதமாகத் தாக்கல் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் நஷ்டத்தை எடுத்துச் செல்லும் உரிமை அதில் கிடைக்காது. பங்கு விற்றவர்களுக்கு ஐ.டி.ஆர்.-1 பொதுவாகப் பொருந்தாது, ஐ.டி.ஆர்.-2 பாருங்கள்.

மறுமொழி 2

தனி ஆளுக்கு வருமானம் இல்லையென்றால் பெரும்பாலும் கட்டாயம் இல்லை. கூட்டு வணிக நிறுவனத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நானும் மைத்துனரும் நடத்திய அச்சகத்தைக் கொரோனாவில் மூடினோம். பூட்டிய கடைக்குக் கணக்கு ஏது என்று இருந்தோம். நிறுவனத்தை முறைப்படி கலைக்கும் வரை, வியாபாரம் நடக்காவிட்டாலும் ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டுமாம். நோட்டீஸ் வந்த பிறகு ஓடினோம்.

மறுமொழி 3

வெளிநாட்டுப் பயணத்துக்குக் கைக்காசு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தாலும், ஓர் ஆண்டு மின்கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டினாலும் வருமானம் இல்லாதவரும் தாக்கல் செய்தாக வேண்டும். பேரனைப் பார்க்கப் போய் வந்த பிறகு எனக்கே இது தெரிந்தது. அம்மாவின் ஆதாரில் போன் எண்ணை மாற்றியது என்ன ஆயிற்று?

———

கேட்டதற்கு நன்றி. மூன்றாவது முறை போனபோது கருவிழியை வைத்துப் பதிந்துகொண்டார்கள். இப்போது ஆதாரில் இருப்பது அம்மாவின் சொந்த எண். 2025 ஏப்ரல் முதல் வாரமே 15ஜி கொடுத்துவிட்டோம். முந்தைய ஆண்டில் பிடித்ததற்காக ஜூலையில் மறுபடி தாக்கல் செய்தபோது ஓ.டி.பி. அவருடைய போனுக்கே வந்தது. ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக அவரே படித்துச் சொன்னார், நான் தட்டினேன்.