அவுரி நீலத்தைக் கணினி சொல்லுமா?

நகரிப் பட்டறை: சாயம் என்ன நிறம் காட்டும் என்பதைக் கணினியிலேயே கணக்கிட்டுவிடலாம் என்று புத்தூர் தங்கச்சி நேற்று எழுதியிருந்தது. இருபது வருஷமாகத் தொட்டியடியில் நிற்கிறவன் நான். அவுரித் தொட்டியிலிருந்து சிட்டத்தைத் தூக்கும்போது மஞ்சள் பச்சை; காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலம். இதைக் கணினி எங்கே பார்த்தது?

புத்தூர் மாணவி: அண்ணே, அந்தப் பச்சை வேறு மூலக்கூறு, ஹைட்ரோஸ் உப்பு போட்டு ஒடுக்கியது, அதாவது எலக்ட்ரான் ஏற்றியது. நான் சொன்னது நீலமான பிறகு நடப்பது. அவுரியின் நீலச் சாயமான இண்டிகோ ஆவியாக இருந்தால் 540 நானோமீட்டர் வாக்கில் ஒளியை உறிஞ்சும், சிவப்பாகத் தெரியும். குளோரோஃபாமில் கரைத்தால் 605 பக்கம் போய் நீலமாகிவிடும். மூலக்கூறு ஒன்றுதான், அக்கம்பக்கம்தான் வேறு. அதனால் சாயத்துக்கு மட்டும் எலக்ட்ரான்களைப் பார்க்கிற குவாண்டம் கணக்கு, சுற்றியுள்ள கரைப்பானுக்குச் சாதாரண விசைக் கணக்கு. 1976-இல் வார்ஷெல், லெவிட் என்ற விஞ்ஞானிகள் ஒரு நொதிக்கு இப்படிப் பிரித்துப் போட்டார்கள். 2013-இல் கார்ப்பிளஸோடு சேர்த்து நோபலும் வந்தது.

ஊத்துக்கோட்டைக்காரன்: நோபல் வந்தால் கணக்கு சரியாகிவிடுமா? உறிஞ்சும் ஒளியைக் கணக்கிடுகிற வழக்கமான குவாண்டம் முறையான டிடி-டிஎஃப்டியில், ஆற்றலில் 0.2 எலக்ட்ரான் வோல்ட் பிசகு சகஜம். 620 நானோமீட்டர் என்றால் 2 எலக்ட்ரான் வோல்ட், ஆற்றல் 0.2 கூடினால் அலைநீளம் 564-ஆகக் குறையும். நீலம் என்று சொல்லி ஊதாவைக் கொடுத்தால் எந்தத் தறிக்காரர் வாங்குவார்?

புத்தூர் மாணவி: பிசகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆவியிலும் கரைசலிலும் அது பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாயும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நகர்வு ஓரளவு தேறும். அப்புறம், கரைப்பான் ஓயாமல் அசைகிறது. அந்த அசைவில் நூறு, இருநூறு நிலைகளைப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு அடுக்கினால்தான் ஆய்வகத்தில் பார்க்கிற அகலமான பட்டை வரும். ஒற்றை நிலையில் வருவது ஒரு கோடுதான்.

ஊத்துக்கோட்டைக்காரன்: கரைசல் சரி. நூலில்? இழைக்குள் இண்டிகோ ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்து கிடக்கும். அண்டை மூலக்கூறையும் குவாண்டம் பக்கம் சேர்க்க வேண்டும். எத்தனை அண்டை? அங்கேதான் கணினிக்கு மூச்சு வாங்கும்.

புத்தூர் மாணவி: அது நியாயம்தான். நாலு சேர்ப்பதற்குள்ளேயே நாள் கணக்கில் ஓடுகிறது.

நகரிப் பட்டறை: அதை விடுங்கள். போன மாதம் ஒரே பாகம், இரண்டு தொட்டி. ஒன்றில் மட்டும் நீலத்தில் செம்மை ஓடியது. குவியல் வேலையா?

புத்தூர் மாணவி: இருக்கலாம். இயற்கை அவுரி என்றால் இண்டிருபின் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு, அதன் நிறமே சிவப்பு. இதற்குக் கணினி வேண்டாம் அண்ணே. நூலிலிருந்து சாயத்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் இறக்கி நிறமாலை எடுத்தால், பெரிய பட்டையின் ஓரத்தில் 540 பக்கம் இண்டிருபினின் சின்னப் புடைப்பு தெரிகிறதா என்று தெரிந்துவிடும்.

நகரிப் பட்டறை: சரி, ஒரு துண்டு அறுத்து நாளைக் காலை புத்தூர் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஊத்துக்கோட்டைக்காரன்: இரண்டு தொட்டி நூலும் அனுப்புங்கள். ஒன்றை மட்டும் வைத்து எதைக் கழிப்பார்?